மீதி இருபத்தோரு வருஷம்

"மேல இருக்கிற சோலார் பேனலுக்கு இன்னும் இருபத்தோரு வருஷம் கியாரண்டி இருக்குன்னு சொன்னீங்க. அது அப்படியே என் பேருக்கு மாறிடுமா?"

கணக்கு வாத்தியார் கேட்டது நியாயமான கேள்வி. வீடு வாங்க வந்தவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்த இருபத்தோரு வருஷம் என்ற பேச்சை நீட்ட எனக்கு விருப்பமில்லை. "மாறும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, ஜன்னலைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் வராதவர்கள் எல்லாரும் போனில் கத்துவார்கள். "சரிங்க, எழுதிக்கிட்டேன்ங்க, ஆள் அனுப்பறோம்ங்க" என்று தேன் ஒழுகப் பேசுவேன். அந்தத் தேன் முழுக்க அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டு மனிதர்களுக்கு மிஞ்சுவது காரம் மட்டும்தான். அம்மா என்னை மிளகாய் என்றுதான் கூப்பிடுவாள். அவள் மட்டும் என்ன சர்க்கரையா? அந்தச் செடியில் காய்த்ததுதானே நான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு எழுபத்தோரு வயது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் தனியாக இந்த வீட்டில். நான் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி, ஏழாவது மாடியில், தனிக்கட்டை. தம்பி கடல் தாண்டி, குடும்பத்தோடு. அம்மா ஒருநாள் பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை. ஆனால் எனக்கு அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. "வீட்டை வித்துட்டு என்கூட வந்துடும்மா" என்று ஆரம்பித்தேன். கேட்டேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன், கூரை மேல் பன்னிரண்டு பேனல், கறுப்பாக, பளபளவென்று. தம்பியைப் பிடித்து ஏற்பாடு பண்ணியிருக்கிறாள். அம்மா கேட்டால் நிலாவைக்கூடப் பார்சல் அனுப்புகிறவன் அவன்.

"எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்?"

"கரண்டு வரும். இருபத்தஞ்சு வருஷம் கியாரண்டி குடுத்திருக்காங்க" என்று அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

‘நான் எங்கேயும் வருவதாக இல்லை’ என்பதைத்தான் பன்னிரண்டு பேனலாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"இருபத்தஞ்சு வருஷம் நீ இருப்பியா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட நாக்கை அங்கேயே அறுத்துப் போட்டிருக்கலாம். அம்மா அட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் வரவும் இல்லை. என் கேள்விக்குச் சரியான விடை மூன்று வருஷம் ஐந்து மாதம். அவ்வளவு நாள்தான் இருந்தாள்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தக் கோபத்தோடேயே போனாளா என்பது ஒன்றுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

கணக்கு வாத்தியார் ஒவ்வொரு அறையாகப் போனார். அவருடைய மனைவி போன வாரமே வந்து வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இவர் சரிபார்க்க வந்தவர். ஸ்விட்சுகளை எண்ணினார். ஜன்னல் கம்பிகளை எண்ணினார். படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, எண்ணிக்கொண்டே இறங்கினார். ஏறும்போது பதினாலு என்றால் இறங்கும்போது பதிமூன்றா ஆகிவிடும் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

குளியலறைக்கு வந்தார். கதவின் உட்புறத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு ஆணி இருக்கிறது.

"இது ஏன் இவ்வளவு கீழே இருக்கு?"

"என் துண்டுக்கு. எட்டு வயசுல அடிச்சது."

"கீசர் வேலை செய்யுதுங்களா?"

"செய்யும்னுதான் நினைக்கிறேன். அம்மா வருஷம் பூரா பச்சைத் தண்ணியிலதான் குளிப்பா. யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

அவர் குறிப்பு நோட்டில் அதை எழுதிக்கொண்டார். கீசர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கூரை மேல் பேனல்காரர் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பேனல்களை மாட்டியவரும் அவர்தான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து துடைத்துக்கொடுத்தவரும் அவர்தான். வீடு கைமாறும்போது எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு போனில் இருக்கிற கணக்கையும் வாங்குகிறவர் பேருக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் பழைய ஆட்களுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அதை நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சோலார் போட்டால் போனில் ஒரு ஆப் தருவார்கள். அதில் இரண்டு கோடு ஓடும். மஞ்சள் கோடு வெயிலில் எவ்வளவு கரண்டு வந்தது என்று காட்டும். நீலக் கோடு வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும். தம்பி தன் போனிலும் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் கேட்காமலேயே என் போனிலும் போட்டுவிட்டான். "நீ பேசத்தான் மாட்டேங்கற, இதையாவது பாரு" என்றான்.

முதல் இரண்டு மாதம் வீம்புக்குத் திறக்கவில்லை. ஒருநாள் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கை தானாகத் திறந்துவிட்டது. ஐந்து நாற்பதுக்கு நீலக் கோட்டில் சின்னதாக ஒரு மேடு. கெட்டில். அம்மா எழுந்துவிட்டாள், டீக்குத் தண்ணீர் போட்டுவிட்டாள். நடுரோட்டில் நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றையிலிருந்து தினமும் பார்த்தேன். ஆறரைக்கு மோட்டார். எட்டு மணிக்கு மிக்ஸி, ஊசி மாதிரி ஒரு குத்து. இரவு டிவி. நடுநடுவே ஃப்ரிட்ஜ், அரைமணிக்கு ஒரு தடவை. அம்மா என்னிடம் பேசாமல் இருந்த நாட்களில் எனக்குக் கிடைத்த அம்மா அவ்வளவுதான். அந்தக் கோட்டை நான் எவ்வளவு ஆசையோடு பார்த்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன், கோட்டில் புதிதாக ஒன்று முளைத்தது. சரியாகச் சாயங்காலம் நாலு மணிக்குச் செங்குத்தாக ஏறும். பதினைந்து நிமிஷம் அப்படியே நிற்கும். பிறகு இறங்கிவிடும். தினமும். ஞாயிற்றுக்கிழமைகூட.

இஸ்திரி என்று முடிவு பண்ணினேன். அம்மா தலையணை உறைக்குக்கூட இஸ்திரி போடுகிறவள். ஆனால் நாலு மணிக்கு வெயில் இறங்கிவிடுமே, கூரையில் சும்மா கிடைக்கிற கரண்டை விட்டுவிட்டு யாராவது அப்போது இஸ்திரிப் பெட்டியை மாட்டுவார்களா? புகார் மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு எதைப் பார்த்தாலும் அதிலுள்ள தப்புதான் முதலில் கண்ணில் படும். தம்பிக்குப் போன் போட்டேன்.

"உங்க அம்மாகிட்ட சொல்லு. இஸ்திரி போடறதா இருந்தா பன்னெண்டு மணிக்குப் போடச் சொல்லு. நாலு மணிக்கு என்ன கேடு?"

"நீயே சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா?" என்று அலுத்துக்கொண்டான். ஆனாலும் சொல்லிவிட்டான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து நிமிஷம் மேடு எழும்பியது. பரவாயில்லையே, பேச்சைக் கேட்டுவிட்டாளே என்று நினைத்தேன். நாலு மணிக்குப் பார்த்தால் மறுபடியும் அதே மேடு, அதே பதினைந்து நிமிஷம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று போனில் அழுதுகொண்டிருந்த ஒருவர், "எதுக்கும்மா சிரிக்கறீங்க?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் சுலபமாகக் கேட்க முடிந்தது.

அதன் பிறகு கடைசி நாள் வரைக்கும் பன்னிரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசி நாள் ஐந்து நாற்பதுக்கு மேடு இல்லை. ஆறுக்கும் இல்லை. ஆறரைக்கு மோட்டாரும் இல்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போதுகூட அம்மாவின் நம்பரைப் போடவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குப் போன் பண்ணு" என்றேன். இங்கிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிற நான், கடல் தாண்டி இருக்கிறவனைக் கூப்பிடச் சொன்னேன். அவன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே போயிருந்தாள்.

அதற்கு அப்புறமும் கோட்டைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. காரியங்கள் முடிந்து வீட்டைப் பூட்டும்போது ஃப்ரிட்ஜைக் காலி பண்ணினேன், அணைக்க மட்டும் மனது வரவில்லை. ஏழு மாதமாக வெறும் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் கோடு படுத்துவிடும்.

கணக்கு வாத்தியார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தார். வாங்குவதற்கு முன்னால் ஒரு வருஷத்து விவரம் வேண்டுமென்று கேட்டிருந்தார். பேனல்காரர் அனுப்பியிருக்கிறார். இவர் அதை அச்சடித்து, மாதம் மாதமாகப் பிரித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். பரீட்சைத் தாள் திருத்திய கை.

"கரண்டு வரவு நல்லா இருக்கு. அதுல எனக்குக் குறை இல்லை" என்றார். "செலவுலதான் ஒரு சந்தேகம். முதல் அஞ்சு மாசம் பன்னெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் தினமும் ஒண்ணு ஏறியிருக்கே, அது என்ன?"

"எங்க அம்மா இஸ்திரி போடுவாங்க."

"தினமுமா? ரெண்டு வேளையுமா?"

"ஆமா. எங்க அம்மா அப்படித்தான்." குரலில் காரம் ஏறிவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார். "இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட்டுதாங்க இழுக்கும். சூடானதும் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியும். கோடு பல்லு பல்லா வரணும். இது ரெண்டாயிரம் வாட்டு, பதினஞ்சு நிமிஷம் அசையாம நிக்குது. கணக்கு உதைக்குதே. எங்கேயாவது ஒயரிங் கோளாறா இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது இல்லையா?"

கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்த மேட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அதன் உயரம் என்ன என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

பேனல்காரர் ஏணியிலிருந்து இறங்கி, கைகளைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம். வாத்தியார் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"இது என்னன்னு நீங்களாவது சொல்லுங்க. இஸ்திரின்னு சொல்றாங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இஸ்திரியா? இது கீசர்க்கா."

"அம்மா வெந்நீர்ல குளிக்கவே மாட்டாங்களே" என்றேன்.

"குளிக்க இல்லைக்கா." அவர் கை துடைத்த துணியை மடித்தார், பிரித்தார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப சொல்லலாமா என்னன்னு தெரியல."

"சொல்லுங்க" என்றேன்.

"முதல் தடவை துடைக்க வந்தப்போ கேட்டாங்க. இந்தக் கோடெல்லாம் என் பொண்ணு போன்லயும் தெரியுமான்னு. தெரியும்மா, உங்க பையன் ரெண்டு பேரு நம்பரையும் சேர்க்கச் சொல்லிட்டாருன்னேன். அப்புறம், எதைப் போட்டா அவளுக்கு நல்லாத் தெரியும்னு கேட்டாங்க. லைட்டு போட்டாத் தெரியாதும்மா, ஃபேனும் தெரியாது, கெட்டில் கொஞ்சூண்டு தெரியும், கீசர் போட்டா மலை மாதிரி நிக்கும்னு விளையாட்டாச் சொன்னேன். கீசரான்னாங்க. சிரிச்சாங்க. அப்ப அதுவே சரின்னாங்க."

வாத்தியார் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவை வந்தப்போ ஒரே சந்தோஷமா இருந்தாங்கக்கா. என் பொண்ணு திட்டினாளாம், பையன் சொன்னான்னாங்க. திட்டினதுக்கா சந்தோஷப்படறீங்கன்னு கேட்டேன். திட்டறான்னா பார்க்கறான்னு அர்த்தம்டான்னாங்க. இஸ்திரின்னு நினைச்சுக்கிட்டா, மக்கு மிளகாய், பன்னெண்டு மணிக்குப் போடச் சொல்றா, அவ சொன்னதுக்காக அதையும் போடறேன்னாங்க. ஆனா நாலு மணி என்னோடதுன்னாங்க."

"ஏன் நாலு மணின்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்க்கா. அது அவளுக்குத் தெரியும்னாங்க."

தெரியும். எனக்குத் தெரியத்தான் தெரியும். அம்மா நினைத்தது சரி. என் புத்திதான் செருப்பால் அடிக்க வேண்டிய புத்தி.

பள்ளிக்கூடத்தில் நான் ஓட்டக்காரி. நாலு மணிக்கு வரும்போது முழங்கால் வரை புழுதியாக வருவேன். காலையில் தலைவாரும்போதே எனக்கும் அம்மாவுக்கும் சண்டை தொடங்கியிருக்கும். சீப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அந்த வார்த்தை எங்களுக்கு வாயில் நுழையாது. நாலு மணிக்கு நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும். "வெந்நீர் போட்டிருக்கேன், போய்க் குளி." கோபம் போய்விட்டது, வா என்று அர்த்தம். நான் குளித்துவிட்டு உள்ளேயிருந்தே கத்த வேண்டும், "குளிச்சாச்சு" என்று. எனக்கும் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு காலைச் சண்டை தீர்ந்தது. அதைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேசக் கூடாது.

கோபமாக இருந்தால் நான் வேண்டுமென்றே குளிக்காமல் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் ஆறிப்போகும். அம்மா மறுபடியும் சூடு பண்ணுவாள். அதிகபட்சம் இரண்டு தடவை பண்ணியிருப்பாள். இந்தத் தடவை கிட்டத்தட்ட மூன்று வருஷம் பண்ணியிருக்கிறாள்.

"அந்தத் தண்ணியை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"ஒருநாள் நாலு மணிக்கு நான் இங்கதான் இருந்தேன். பக்கெட்டுல பிடிச்சாங்க. அது பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. நல்லா ஆறினதுக்கு அப்புறம் கொண்டுபோய்ச் செடிக்கு ஊத்தினாங்க."

நான் அழுதேன். இரண்டு அந்நிய ஆண்கள் முன்னால் வெட்கமில்லாமல், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வாத்தியார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இந்தத் தடவை கம்பிகளை எண்ணவில்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேனல்காரர் தொண்டையைச் செருமினார். போனைக் கையில் வைத்திருந்தார். "அக்கா, சார் நம்பரைச் சேர்த்துட்டு உங்க மூணு நம்பரையும் எடுக்கணும். அம்மாவோடது, உங்க தம்பியோடது, உங்களோடது. இன்னொரு நாள் பண்ணிக்கட்டுமா?"

மணியைப் பார்த்தேன். மூன்று நாற்பத்தெட்டு.

"இன்னைக்கே பண்ணிடலாம். ஆனா கொஞ்ச நேரம் பொறுங்க. நாலு மணி ஆகட்டும்."

ஏன் என்று இருவரும் கேட்கவில்லை. நாலு மணிக்குக் குளியலறைக்குப் போய்க் கீசர் ஸ்விட்சைப் போட்டேன். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த ஸ்டூல் மூலையில்தான் இருந்தது. அதை இழுத்துப் பக்கெட் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, போனைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஆப்பில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கோடு நகரும். நாலு ஐந்துக்கு நீலக் கோடு எழுந்து செங்குத்தாக நின்றது. அம்மா போட்ட அதே உயரம்.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது. தம்பி. அவனுக்கு அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். எழுந்ததும் அவனும் அதைத்தான் பார்ப்பான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மிகவும் மெதுவாக, "யாரு?" என்றான். என் நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறான். ஆனாலும் யாரு என்று கேட்டான்.

"நான்தான்டா."

சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கீசர்டா அது. இஸ்திரி இல்லை. வெந்நீர் போட்டிருக்கா."

அவனும் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போய்க் குளிக்கா" என்றான். போனை வைத்துவிட்டான்.

நாலு பதினைந்துக்கு ஸ்விட்சை அணைத்தேன். என் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டு இருந்தது. அதை இடுப்பு உயரத்து ஆணியில் மாட்டினேன். பக்கெட் நிறையப் பிடித்தேன். ஆவி பறந்தது. முதல் குவளையைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். இவ்வளவு நாள் நீ ஆற வைத்துக் கொட்டின தண்ணீர் எல்லாம் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருநாள் வந்திருந்தால் போதுமே, ஒரே ஒருநாள் பஸ் ஏறியிருந்தால் நாலு மணிக்கு வந்து சேர்ந்திருப்பேனே. அம்மா, நீ பேசாவிட்டால் என்ன, நான் வந்திருக்கலாமே. பக்கெட் காலியாகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

துவட்டி, உடுத்திக்கொண்டு, கதவைத் திறப்பதற்கு முன்னால் நின்றேன். பிறகு சத்தமாகவே சொன்னேன்.

"குளிச்சாச்சும்மா."

வெளியே பேசிக்கொண்டிருந்த இரண்டு குரலும் நின்றுவிட்டன.

கூடத்துக்கு வந்தேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நோட்டைப் புரட்டினார். கேள்விக்குறி போட்ட இடம் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"கீசர் வேலை செய்யுதுங்களா?" என்றார், மெதுவாக.

"நல்லா செய்யுது சார். சூடு கொஞ்சம் அதிகம். பார்த்துப் போட்டுக்கங்க."

அவர் கேள்விக்குறியை அடித்தார். அலமாரியிலிருந்து கியாரண்டி அட்டையை எடுத்துவந்தேன். அம்மா மடித்த மடிப்பிலேயே இருந்தது. பேனல்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, மீதி இருபத்தோரு வருஷத்தை வாத்தியார் கையில் கொடுத்தேன். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜை அணைத்தேன்.

"எடுத்துடவாக்கா?" என்று பேனல்காரர் கேட்டார்.

"எடுத்துடுங்க."

முதலில் அம்மாவின் நம்பரை எடுத்தார், பிறகு தம்பியுடையதை, பிறகு என்னுடையதை. என் போன் திரையில் இரண்டு கோடும் இருந்தன, அப்புறம் இல்லை. நீலக் கோட்டில் நான் கடைசியாகப் பார்த்தது நாலு மணி மேடுதான். அது நான் போட்டது.